வெண்மைக்கு எண் உண்டா?
காலடிப்பேட்டைத் துணி முதல் கணிப்பொறித் திரை வரை

சென்னை மெட்ரோ இரயிலில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் நோக்கி வடக்கே செல்வோர், திருவொற்றியூரின் தென்பகுதியில் காலடிப்பேட்டை என்னும் நிலையத்தைக் கடப்பர். பெயரைக் கேட்டதும் யாரோ ஒருவருடைய காலடி பட்ட இடம் என்று தோன்றும். ஆனால் இப்பெயர் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் பெயரிலிருந்து வந்தது. கிழக்கிந்தியக் கும்பெனியின் சார்பில் 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையின் ஆளுநராக இருந்தவர் ஜோசப் காலெட். அவர் திருவொற்றியூரை அடுத்து நெசவாளருக்கென ஒரு குடியிருப்பை ஏற்படுத்தினார். அதுவே 'காலெட் பேட்டை'. மக்கள் நாவில் அது காலடிப்பேட்டை ஆயிற்று. அங்குள்ள கல்யாண வரதராசப் பெருமாள் கோயில் இன்றும் அப்பகுதியின் அடையாளமாக விளங்குகிறது.

முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட இந்த நெசவாளர் பேட்டைக்கும், இன்று நம் மேசைமேல் இருக்கும் கணிப்பொறித் திரைக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. ஓரிடத்தில் ஒருவர் காணும் நிறமும், வேறிடத்தில் மற்றொருவர் காணும் நிறமும் ஒன்றுதான் என்று எப்படி உறுதி செய்வது? அன்று நெசவாளரின் கூலி இந்தக் கேள்வியைச் சார்ந்திருந்தது. இன்று அச்சகத்தாரின் கூலியும், பின்னலாடை ஏற்றுமதியாளரின் ஒப்பந்தமும் அதையே சார்ந்திருக்கின்றன. திரையில் இளஞ்சிவப்பாகத் தெரிந்த அழைப்பிதழ் அச்சில் செங்கல் நிறமாக வந்துவிட்டால், அந்த நட்டம் யாருடையது?

கணிப்பொறித் திரையின் நிறத்தைச் சரிப்படுத்துவோர் 6500, 2.2, 120 என்று சில எண்களைத் தேர்ந்தெடுப்பார்கள். இவை எங்கிருந்து வந்தன என்று கேட்போர் குறைவு. இந்த எண்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றை அறிந்தால்தான் எந்த வேலைக்கு எந்த எண் பொருந்தும் என்பதும் விளங்கும்.

கோட்டையில் நடந்த தரப்பிரிப்பு

1708இல் நவாப் தாவுத்கான், திருவொற்றியூர் உள்ளிட்ட ஐந்து ஊர்களைக் கும்பெனிக்கு வழங்கினார். கும்பெனியின் உயிர்நாடி துணி வாணிகம். வணிகர்கள் கும்பெனியிடம் முன்பணம் பெற்று நெசவாளருக்குக் கொடுப்பார்கள். நெய்து வந்த துணி கோட்டையிலிருந்த தரப்பிரிப்புக் கிடங்குக்குப் போகும். அங்கே கும்பெனி ஊழியர்கள், ஒப்பந்தத்தின்போது வைத்துக்கொண்ட மாதிரித் துணியை விரித்து, வந்த துணியை அதனோடு ஒப்பிடுவார்கள். மாதிரிக்கு ஈடாக இருந்தால் முழு விலை. ஒரு படி குறைந்தால் விலையும் குறையும். மேலும் குறைந்தால் துணி திரும்பி வரும்.

இந்த ஒப்பீட்டில் இரண்டு பகுதிகள் இருந்தன. நீள அகலத்தை முழக்கோலால் அளக்கலாம். நெசவின் நெருக்கத்தைப் 'புஞ்சம்' என்னும் கணக்கால் அளக்கலாம். ஒரு புஞ்சம் என்பது 120 பாவிழை. இவற்றில் தகராறு எழுந்தால் மீண்டும் அளந்து பார்த்துக்கொள்ளலாம். ஆனால் வெளுப்புக்கும் சாயத்துக்கும் அப்படி ஓர் அளவு இல்லை. 'மாதிரியைவிட இது மங்கல்' என்று தரம் பிரிப்பவர் சொன்னால் அதற்குமேல் முறையிட எந்தக் கோலும் கிடையாது. அவருடைய கண்ணே நீதிமன்றம்.

அதிலும் வெள்ளைத் துணிக்கே அக்காலத்தில் பெரும் தேவை இருந்தது. இங்கிலாந்தின் பட்டு, கம்பளி நெசவாளர்கள் எதிர்த்ததால், நம் நாட்டு வண்ணத் துணிகளை அங்கே பயன்படுத்துவதற்கு 1701 முதல் தடை வந்தது. 1721இல் நிறைவேறிய சட்டம் அதை மேலும் இறுக்கிற்று. ஆகவே வெளுத்த வெள்ளைத் துணியின் வெண்மையே விலையைத் தீர்மானித்தது. கும்பெனித் துணிகளை வெளுத்த தொழிலாளர் வாழ்ந்த பகுதியே வண்ணாரப்பேட்டை.

சாயத் துணியின் நிலைமை இன்னும் சிக்கலானது. சோழமண்டலக் கடற்கரையின் புகழ்பெற்ற சிவப்பு, மணற்பாங்கான நிலத்தில் விளையும் இம்பூறல் என்ற சிறு செடியின் வேரிலிருந்து கிடைத்தது. அதைச் சாயவேர் என்றே அழைத்தார்கள். கடுக்காயும் எருமைப்பாலும் ஊட்டிய துணியில் படிகாரம் தடவி, வேர்ச்சாற்றில் காய்ச்சினால் சிவப்பு ஏறும். பிரெஞ்சுப் பாதிரியார் கேர்தூ 1742இல் எழுதிய கடிதம் இந்த முறையை விரிவாகப் பதிவு செய்துள்ளது. இச்சாயத்திலுள்ள அலிசரின் என்னும் பொருள், படிகாரத்திலுள்ள அலுமினியத்தோடும் தண்ணீரிலுள்ள கால்சியத்தோடும் சேர்ந்துதான் உறுதியான சிவப்பாகிறது. ஆகவே கிணறு மாறினால் நிறமும் மாறும். அதே வேர், அதே கைகள். ஆனால் தண்ணீர் வேறு என்பதால் சிவப்பும் வேறு. இதைக் கோட்டைக் கிடங்கில் எப்படி எடுத்துச் சொல்வது?

நிறம் எங்கே இருக்கிறது?

காலடிப்பேட்டை தோன்றிய நாளில் நியூட்டன் உயிரோடிருந்தார். அவருடைய ஒளியியல் நூல் 1704இலேயே வெளியாகிவிட்டது. வெள்ளொளி என்பது பல நிறக் கதிர்களின் கலவை. பொருளின் நிறம் அது எந்தக் கதிரைத் திருப்பி அனுப்புகிறது என்பதைப் பொறுத்தது. கதிர்களுக்கே நிறம் கிடையாது, நிறம் என்பது அவை நமக்குள் எழுப்பும் உணர்வு என்று அவர் விளக்கியிருந்தார்.

இதன்படி நிறம் என்பது மூன்று பேர் சேர்ந்து நடத்தும் கூட்டுத் தொழில். ஒளி ஒரு கூட்டாளி, பொருள் மற்றொன்று, கண் மூன்றாவது. மூன்றில் ஒன்று மாறினாலும் கணக்கு மாறிவிடும். புடவை வாங்கும் பெண்கள் கடைவிளக்கின்கீழ் பார்த்ததோடு நில்லாமல், வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லிப் பார்ப்பது இதனால்தான். கடைக்குள் பொருந்திய புடவையும் இரவிக்கைத் துணியும் வெயிலில் வேறு வேறாகத் தெரியக்கூடும். 1856இல் பெர்க்கின் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்த பிறகு இத்தொல்லை பெருகிற்று. வெவ்வேறு வேதிப்பொருள்கள் ஒரு விளக்கில் ஒரே நிறமாகவும் வேறு விளக்கில் வேறாகவும் தோன்றின.

ஐரோப்பிய ஓவியரும் துணி வணிகரும் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். வடக்குச் சன்னல் வழியே வரும் ஒளியில் நிறம் பார்ப்பது அவர்கள் வழக்கம். அங்கே சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்திருப்பதால் வடக்குச் சன்னலில் நேர்வெயில் படுவது அரிது. வானத்தின் ஒளி மட்டும் ஓரளவு மாறாமல் வரும். ஆனால் திருவொற்றியூர் ஏறத்தாழ 13 பாகை வட அகலாங்கில் உள்ளது. ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் இங்கே தலைக்கு வடக்கே நிற்கிறது. இலண்டனில் நல்ல பயன் தந்த விதி இங்கே ஆண்டில் நான்கு மாதம் கைகொடுக்காது! 'எல்லா இடத்துக்கும் பொதுவான வெளிச்சம்' என்பது இயற்கையில் கிடைப்பதில்லை. அதை மனிதர்கள் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும் என்பதற்கு இதுவே போதிய சான்று.

பதினேழு பேரின் கண்கள்

கண்ணுக்கு அளவு வகுக்கும் வழியைக் காட்டியவர்களுள் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் முதன்மையானவர். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளை வேண்டிய விகிதத்தில் கலந்து மற்ற நிறங்களைப் பெறலாம் என்பதைச் சுழலும் வண்ணத்தட்டுகளைக் கொண்டு அவர் ஆராய்ந்தார். 1861இல் மூன்று வடிகட்டிகளின் வழியே எடுத்த படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வீழ்த்தி வண்ணப்படமும் காட்டினார். இன்றைய திரையின் ஒவ்வொரு புள்ளியிலும் இருக்கும் மூன்று சிறு ஒளிகள் மாக்ஸ்வெல்லின் வழித்தோன்றல்களே.

அப்படியானால் ஒரு நிறத்துக்கு ஒப்பாக ஒவ்வோர் ஒளியும் எவ்வளவு தேவை? 1920களின் இறுதியில் இலண்டனில் இருவர் தனித்தனியே இதை அளந்தனர். இம்பீரியல் கல்லூரியில் டேவிட் ரைட் பத்துப் பேரைக் கொண்டும், தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஜான் கில்டு ஏழு பேரைக் கொண்டும் சோதித்தனர். இருவர் முடிவுகளும் வியக்கத்தக்க வகையில் ஒத்திருந்தன. சி.ஐ.இ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் பன்னாட்டு ஒளியியல் ஆணையம் 1931இல் கேம்பிரிட்ஜில் கூடியபோது, இந்தப் பதினேழு பேரின் சராசரியை 'செந்தரப் பார்வையாளர்' என ஏற்றுக்கொண்டது. எந்த நிறத்தையும் மூன்று எண்களால் குறிக்க அன்று வழி பிறந்தது. உலகின் திரைகளும் நிறமானிகளும் அடிப்படையாகக் கொள்ளும் கண், பெரும்பாலும் அந்தப் பதினேழு பேரின் சராசரிக் கண்ணே. 1964இல் அகன்ற பார்வைப் புலத்துக்கென வேறொரு செந்தரம் சேர்க்கப்பட்ட பிறகும் பழையது வழக்கொழியவில்லை.

திருவொற்றியூர்க் கடற்கரையிலிருந்து இரவில் பார்த்தால் சென்னை, எண்ணூர்த் துறைமுகங்களுக்கு வந்துபோகும் கப்பல்களின் பக்க விளக்குகள் தெரியும். இடப்புறம் சிவப்பு, வலப்புறம் பச்சை. எதிரே வரும் கப்பல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை மாலுமி அறிவது இந்த நிறங்களைக் கொண்டுதான். எந்தச் சிவப்பு, எந்தப் பச்சை என்பதை 1972ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகள் எண்களாலேயே வரையறுத்துள்ளன. அந்த எண்கள் 1931ஆம் ஆண்டின் நிறவரைபடத்தில் குறிக்கப்படுபவை. நிறத்துக்கு எண் கொடுப்பது அழகுக் கலையோடு முடிந்துவிடவில்லை. உயிர் காக்கும் வேலையும் அதில் உண்டு.

6500: வெண்மையின் வெப்பநிலை

இனித் திரையைப் பார்ப்போம். திரையைச் சரிப்படுத்தும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியது, 'வெள்ளை' என்று எதைச் சொல்கிறோம் என்பது. வண்ணாரப்பேட்டையில் எழுந்த அதே கேள்விதான்!

கொல்லன் உலையில் இரும்பு சூடேறும்போது முதலில் செந்நிறம், பிறகு மஞ்சள், பிறகு வெண்மை என மாறுவதைப் பார்த்திருக்கிறோம். இன்னும் வெப்பநிலை கூடக்கூட ஒளி நீலம் பாயும். இதனால் வெள்ளொளியின் சாயலை வெப்பநிலையால், அதாவது கெல்வின் அலகால், குறிக்கும் வழக்கம் வந்தது. மெழுகுவத்தி ஏறத்தாழ 1900 கெல்வின். பழைய இழைபல்பு 2700 முதல் 2850 வரை. நண்பகல் வெயில் ஏறத்தாழ 5500. வெயில் படாத நீலவானம் 10,000க்கும் மேல்.

வெயிலும் வானமும் கலந்த பகலொளிக்கு ஒரு சராசரி தேவைப்பட்டது. ஜட், மக்காடம், விசெக்கி ஆகிய மூவர் 622 பகலொளி அளவீடுகளைத் தொகுத்து 1964இல் ஒரு கணக்கு முறையை வகுத்தனர். சி.ஐ.இ. அதை ஏற்றுக்கொண்டது. அதன்படி அமைந்த செந்தரப் பகலொளிக்கு 'டி65' என்று பெயர். அறுபத்தைந்து என்பது 6500 கெல்வினைக் குறிக்கும். வெப்பக் கதிர்வீச்சுச் சூத்திரத்தில் வரும் ஒரு மாறிலி பின்னாளில் சற்றுத் திருத்தப்பட்டதால், இன்றைய கணக்கில் அது சரியாக 6504 கெல்வின் ஆகிறது.

அந்த 622 அளவீடுகள் எங்கே எடுக்கப்பட்டவை தெரியுமா? அமெரிக்காவின் ரோச்செஸ்டர், கனடாவின் ஒட்டாவா, இங்கிலாந்தின் என்ஃபீல்டு ஆகிய மூன்று ஊர்களில். கடைசிப் பெயர் திருவொற்றியூராருக்குப் புதிதல்ல. அவ்வூர் ஆயுதச் சாலையின் பெயரால் வழங்கிய மோட்டார் சைக்கிள்தான் 1950களிலிருந்து திருவொற்றியூரில் உருவாயிற்று. மூன்றும் குளிர்நாட்டு ஊர்கள். வெப்பமண்டல வானம் ஒன்றுகூட அந்தக் கணக்கில் இல்லை. ஆயினும் டி65 நமக்கும் பயன்படுகிறது. எல்லாரும் ஏற்றுக்கொண்ட வெள்ளை என்பதுதான் அதன் பலம்.

நம் நாட்டில் 1982இல் வண்ணத் தொலைக்காட்சி வந்தபோது 'பால்' முறையைத் தேர்ந்தெடுத்தோம். அம்முறையின் வெள்ளையும் டி65 ஆகும். ஆனால் கடையில் வரிசையாக வைத்த பெட்டிகள் பல அதைவிட நீலமாகவே ஒளிர்ந்தன. பழைய கணிப்பொறித் திரைகளும் 9300 கெல்வினை ஒட்டிய நீல வெண்மையோடு ஆலையிலிருந்து வந்தன. காரணம் நம் வீட்டிலேயே உண்டு. வேட்டியைத் துவைத்தபின் நீலம் போடுகிறோம் அல்லவா? சற்றே நீலம் கலந்த வெள்ளை, கண்ணுக்குக் கூடுதல் வெளுப்பாகத் தோன்றும். சலவைத் தொழிலாளர் அறிந்திருந்த இந்த நுட்பத்தையே தொலைக்காட்சி வணிகரும் கையாண்டனர்.

அச்சுத் தொழிலோ வேறு வெள்ளையைத் தேர்ந்தெடுத்தது. அச்சடித்த தாளைப் பார்ப்பதற்கான செந்தர விளக்கு 'டி50', அதாவது ஏறத்தாழ 5000 கெல்வின். பகலொளிக்கும் வீட்டுவிளக்குக்கும் இடையே செய்த சமரசம் எனலாம். ஆகவே 6500, 5000 இரண்டில் எது சரி என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. படம் மற்றொரு திரைக்குப் போகிறதா, தாளுக்குப் போகிறதா என்பதே கேள்வி.

2.2: ஒரு குறைபாடு தந்த நன்மை

இரண்டாவது எண் 'காமா'. இதன் பிறப்பிடமும் திருவொற்றியூர் போன்றதோர் ஆலை நகரமே. இங்கிலாந்தின் விட்னஸ் என்னும் ஊரில் சோடா உப்பு ஆலையில் பணிபுரிந்த வேதியியலாளர் ஹர்ட்டரும் பொறியாளர் டிரிஃபீல்டும் ஓய்வு நேரத்தில் புகைப்படம் எடுப்பவர்கள். ஒளி எவ்வளவு கூடினால் ஒளிப்படத் தகடு எவ்வளவு கறுக்கிறது என்பதை அளந்து 1890இல் வெளியிட்டார்கள். அந்த வரைகோட்டின் சாய்வுக்கு வைத்த பெயரே காமா.

பிறகு வந்த தொலைக்காட்சிக் குழாயில் இதே போன்றதொரு நிலைமை தோன்றிற்று. குழாய்க்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால் ஒளி பாதியாவதில்லை. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகிவிடும். இதைத் திருத்தும் கருவியை இலட்சக்கணக்கான பெட்டிகளில் பொருத்துவதைவிட, ஒளிபரப்பும் இடத்திலேயே எதிர்த் திருத்தம் செய்து அனுப்புவது மலிவு. அப்படியே செய்தார்கள்.

அதில் எதிர்பாராத ஆதாயம் ஒன்று கிடைத்தது. நம் கண்ணும் இருண்ட பகுதிகளில் சிறு வேறுபாட்டை நுட்பமாகவும், வெளிச்சப் பகுதிகளில் மந்தமாகவும் உணர்கிறது. எனவே திருத்தி அனுப்பிய குறிகை கண்ணின் இயல்போடு ஏறக்குறைய பொருந்திவிட்டது. கணிப்பொறியில் 0 முதல் 255 வரையிலான படிகளில் 128 என்பது நடுப்படி. காமா 2.2 என்றால் அப்படியில் வரும் ஒளி முழு ஒளியில் 22 விழுக்காடே. ஆயினும் கண்ணுக்கு அது ஏறத்தாழ பாதி வெளிச்சமாகவே தோன்றும். 256 படிகளே போதுமானவையாக இருப்பதற்கு இதுவே காரணம்.

குழாய்த் திரைகள் போய்த் திரவப்படிகத் திரைகள் வந்தபின் அந்தப் பழைய குறைபாடு மறைந்துவிட்டது. ஆனாலும் புதிய திரைகளின் மின்னணுச் சுற்று பழைய குழாயைப் போலவே நடிக்கிறது. பழைய முறையில் பதிவான கோடிக்கணக்கான படங்களும் நிகழ்ச்சிகளும் அதை நம்பியே இருக்கின்றன. மாக்கின்டாஷ் கணிப்பொறிகள் மட்டும் தங்கள் அச்சுப்பொறிக்குப் பொருந்துமாறு நெடுநாள் 1.8 என்ற காமாவை வைத்திருந்தன. 2009இல் அவையும் 2.2க்கு வந்து சேர்ந்தன. இதற்கிடையே 1996இல் ஹியூலெட் பேக்கார்டு, மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் முன்மொழிந்து 1999இல் பன்னாட்டுச் செந்தரமான 'எஸ்.ஆர்.ஜி.பி.' என்னும் வரையறை, டி65 வெள்ளையையும் ஏறத்தாழ 2.2 காமாவையும் ஒன்றாகக் கட்டிவைத்தது.

ஒளிர்வு: பக்கத்திலுள்ள தாளே அளவுகோல்

மூன்றாவது எண் திரையின் ஒளிர்வு. இதன் அலகு சதுர மீட்டருக்கு இத்தனை கேண்டெலா என்பது. எஸ்.ஆர்.ஜி.பி. செந்தரம் மங்கிய அறைக்கு 80 என்கிறது. இன்று பலர் 100, 120 என்று வைக்கிறார்கள். இதில் கண்மூடித்தனமாக ஓர் எண்ணைப் பின்பற்ற வேண்டியதில்லை. எளிய கணக்கு ஒன்று உண்டு. அறையின் வெளிச்சத்தை லக்ஸ் அலகில் எடுத்து, தாள் திருப்பி அனுப்பும் பங்கால் பெருக்கி, 3.14ஆல் வகுத்தால் தாளின் ஒளிர்வு கிடைக்கும். நல்ல வெளிச்சமுள்ள மேசையில் 500 லக்ஸ் இருக்கும். வெள்ளைத்தாள் அதில் 80 விழுக்காட்டைத் திருப்புகிறது என்றால், 500 × 0.8 ÷ 3.14 = ஏறத்தாழ 127. திரையும் தாளும் அருகருகே இருக்கும் மேசையில் திரையின் ஒளிர்வு அதை ஒட்டியே இருக்க வேண்டும். 'அச்சு இருண்டு வந்துவிட்டது' என்று எழும் புகார்களில் பல, திரையை 250, 300 என்று ஒளிரவிட்டுப் படத்தைத் திருத்தியதால் வருபவை. அங்கே குறை அச்சில் இல்லை.

திரையைச் சரிப்படுத்தும் முறை

இனிச் செய்முறையைக் காண்போம். திரையைப் போட்டு அரை மணி நேரம் சூடேற விட வேண்டும். வெளிச்சத்துக்கேற்பத் தானே மாறும் ஒளிர்வு, இரவில் மஞ்சளாக்கும் வசதி, மாறுபாட்டைத் தானே கூட்டும் வசதி ஆகியவற்றை நிறுத்திவிட வேண்டும். சன்னல் வெளிச்சம் திரையில் நேரே விழக்கூடாது. எதிர்ச்சுவரும் அணிந்திருக்கும் சட்டையும் சாம்பல் நிறமாகவோ வெளிர் நிறமாகவோ இருப்பது நல்லது. பளிச்சென்ற சிவப்புச் சட்டை திரையில் பட்டுத் தெறிக்கும்.

பிறகு ஒளிர்வு, வெள்ளை, காமா என்ற வரிசையில் அமைக்க வேண்டும். இணையத்துக்கும் ஒளிப்படத்துக்கும் காணொளிக்கும் 6500, 2.2, 80 முதல் 120 வரை. அச்சுக்கு அனுப்பும் வேலையில் 5000 என்று தொடங்கி, செந்தர விளக்கின்கீழ் வைத்த வெற்றுத்தாளும் திரையின் வெள்ளையும் ஒத்து வரும்வரை சிறிது மாற்றலாம். 

வெள்ளையைத் திரையின் சொந்தப் பொத்தான்களால் அமைப்பதே மேல். மடிக்கணிப்பொறியில் அந்தப் பொத்தான்கள் இருப்பதில்லை. அங்கே திருத்தம் கணிப்பொறியின் உள்ளே நடக்கும். நீலத்தைக் குறைக்க வேண்டுமானால் அதன் 256 படிகளில் சில வெட்டுப்பட்டு, வானம் போன்ற மென்மையான பகுதிகளில் வரிவரியாகத் தெரியும். ஆகவே மடிக்கணிப்பொறித் திரையின் இயல்பான வெள்ளை 6500க்கு ஓரளவு அருகில் இருந்தால் அதை அப்படியே விட்டுவிடுவது நல்லது. கண் சிறிது நேரத்தில் அந்த வெள்ளைக்குப் பழகிக்கொள்ளும்.

இதன்பின் நிறமானி என்னும் சிறு கருவியைத் திரையில் வைத்தால், அது பல நிறப்பட்டைகளை ஒவ்வொன்றாக அளந்து, திரையின் எஞ்சிய குறைகளை ஒரு குறிப்பாக எழுதிவைக்கும். 'ப்ரொஃபைல்' எனப்படும் இக்குறிப்பின் வடிவம் பொதுவாக இருக்க வேண்டும் என்று 1993இல் எட்டு நிறுவனங்கள் கூடி ஐ.சி.சி. என்ற அமைப்பை உருவாக்கின. சரிப்படுத்துதல் திரையைத் தெரிந்த நிலைக்குக் கொண்டுவருகிறது. குறிப்பு அந்த நிலையை மற்ற மென்பொருள்களுக்குச் சொல்கிறது. இரண்டும் தேவை. திரையின் விளக்கு நாளடைவில் மங்கும் என்பதால் மாதம் ஒருமுறை மீண்டும் அளப்பது வழக்கம்.

கருவி இல்லாத மாணவர்கள் காமாவை மட்டும் இப்படிச் சோதிக்கலாம். கறுப்பும் வெள்ளையுமாக ஒரு புள்ளி அகலக் கோடுகள் மாறி மாறி வரும் சதுரத்தை வரைந்து, அதைச் சுருக்காமலும் பெருக்காமலும் திரையில் காட்டி, நடுவே 186 என்ற படியில் சாம்பல் கட்டமொன்று வைக்கவும். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் கோடுகள் கலந்து சரிபாதி ஒளியாகும். கட்டம் மறைந்து ஒன்றிவிட்டால் காமா 2.2. கட்டம் 174இல் மறைந்தால் 1.8, 193இல் மறைந்தால் 2.5.

எந்த அமைப்பாலும் காட்ட முடியாத நிறங்களும் உண்டு. மயில்கழுத்துப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். புடவையைத் திருப்பும்போது நிறம் மாறுவதே அதன் அழகு. திரையின் புள்ளி எல்லாக் கோணத்துக்கும் ஒரே நிறத்தையே காட்ட முயல்கிறது. நெசவாளரின் கைத்திறன் அங்கே கருவியை மிஞ்சி நிற்கிறது.

அளவுகோல் யார் கையில்?

1976இல் சி.ஐ.இ. மற்றொரு கணக்கையும் வகுத்தது. இரண்டு நிறங்களுக்கிடையேயுள்ள வேற்றுமையை அது ஒரே எண்ணாகச் சொல்லும். எண் ஒன்றுக்குக் குறைவானால் பழகிய கண்ணுக்கும் வேற்றுமை தெரிவது கடினம். இரண்டு, மூன்று என்றால் பல வேலைகளில் ஏற்கத்தக்கது. இன்று திருப்பூரிலிருந்து போகும் பின்னலாடைக்கு முதலில் சிறு சாய மாதிரி தயாராகிறது. அதை டி65 விளக்குப் பெட்டியிலும், கடைவிளக்கைப் போன்ற மற்றோர் ஒளியிலும் வைத்துப் பார்க்கிறார்கள், கருவியாலும் அளக்கிறார்கள். இத்தனைக்குள் வேற்றுமை இருக்கலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள முடிகிறது.

காலடிப்பேட்டை நெசவாளருக்குக் கிடைக்காதது இதுதான். அவருடைய துணியின் நீளத்துக்கு முழக்கோல் இருந்தது. இழைக்குப் புஞ்சம் இருந்தது. வெண்மைக்கு மட்டும் வாங்குபவரின் வாய்ச்சொல்லே அளவாக இருந்தது. இன்றைய அளவுகோலிலும் குறைகள் உண்டு. பதினேழு பேரின் கண்ணும் மூன்று ஊர்களின் வானமும் உலகம் முழுமைக்கும் பேசுகின்றன. ஆனால் அந்த எண்கள் எல்லாருக்கும் முன்னே திறந்து வைக்கப்பட்டுள்ளன. வாங்குபவர் அளந்ததை விற்பவரும் அளந்து பார்க்கலாம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் சிறு அச்சகம் வைத்திருப்பவர்கூடத் தம் திரையை 6500, 2.2 என்று அளந்து குறித்து வைத்துக்கொண்டால், 'உங்கள் திரையை எப்போது அளந்தீர்கள்?' என்று வாடிக்கையாளரையும் கேட்க அவருக்கு உரிமை வந்துவிடுகிறது.